திருவொற்றியூரில் ரோலர் ஸ்கீ: 2 வருட அனுபவமும் 32 பேரிங்கும்

போன வாரம்தான் எங்கள் ரோலர் ஸ்கீ சக்கரங்களில் இருக்கும் 32 பேரிங்கையும் மறுபடி மாற்றி முடித்தேன். அன்றைக்கென்று பார்த்து கொளத்தூர் தோழி போன் செய்து, "எங்க அபார்ட்மென்ட் பசங்களுக்கும் உன்ன மாதிரியே ரோலர் ஸ்கீ கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், நாலு ஜோடி வாங்கட்டுமாடி?" என்று கேட்டாள். கையெல்லாம் கிரீஸ், இடுப்பு வலி வேறு. வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருக்கும் 4 ஜோடியும் நாத்தனார் குடும்பம் நார்வேயிலிருந்து திரும்பியபோது கொண்டு வந்தவை. ரோலர் ஸ்கீ என்றால் முன்னும் பின்னும் சக்கரம் வைத்த நீளமான சட்டம், ஒரு காலுக்கு ஒன்று. பனி இல்லாத மாதங்களில் கிராஸ்கன்ட்ரி ஸ்கீ, அதாவது பனியில் நெடுந்தூரம் சறுக்கிப் போவதைப் பழகுவதற்கு அங்கே இதைத்தான் போட்டுக்கொண்டு ரோட்டில் போவார்களாம். 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளியின் சிமென்ட் மைதானத்தில் தொடங்கினோம். ஞாயிறு காலை 6 மணியிலிருந்து 7.30 வரை, 7 வயதிலிருந்து 12 வயது வரை 14 பிள்ளைகள், முறை வைத்துப் போட்டுக்கொள்வார்கள்.

என் உயிரை வாங்குவது பேரிங்தான். ஒரு ஸ்கீக்கு 2 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 2 பேரிங், கணக்குப் போட்டால் 32. கடல் கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை விரலால் தட்டினால் நிற்காமல் சுற்றும் சக்கரம் புதன்கிழமை கரகர என்கிறது, சனிக்கிழமை அசையவே மாட்டேன் என்கிறது. சனி இரவு சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி, சில்வர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டால், ஐந்து நிமிஷத்தில் அது டீ மாதிரி ஆகிவிடும். துடைத்து, காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் 2 சொட்டு. இப்படியே எத்தனை சனிக்கிழமை! நடுவில் ஒரு ஆன்லைன் கடையில் துருவே பிடிக்காது என்று போட்டிருந்ததை நம்பி ஒரு செட் வாங்கினேன். மூன்றே வாரத்தில் அதுவும் பழுப்பு. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் பதிலே இல்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, கீழ் அறையில் வைத்திருந்த ஸ்கீ எல்லாம் 2 நாள் தண்ணீரில் கிடந்தது தனிக் கதை.

கடைசியில் வழி சொன்னவர் பாரிமுனைப் பக்கம் பேரிங் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். துருப்பிடித்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இசட்இசட்மா, ரெண்டு பக்கமும் வெறும் தகடு, உப்புக் காத்து உள்ள போயிடும். அதே 608லயே ரப்பர் சீல் போட்டது இருக்கு, 2ஆர்எஸ்னு கேளு" என்றார். 8 மில்லிமீட்டர் ஓட்டை, 22 மில்லிமீட்டர் வெளிவட்டம், எந்த ஸ்கேட்டிங் சக்கரத்திலும் இருக்கிற சாதாரண அளவுதான். ரப்பர் உரசுவதால் சக்கரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்றும் எச்சரித்தார். எங்களுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று! எங்கள் ரோலர் ஸ்கீக்கு பிரேக் கிடையாது, குதிகாலை வெளியே தள்ளி முன்பக்கம் குறுக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், 7 வயதுப் பிள்ளைக்கு அந்த மெதுவான சக்கரம்தான் பாதுகாப்பு. பேரிங்கும் இப்போது ஏழெட்டு மாதம் வருகிறது.

பின்னால் உருளாமல் தடுக்கும் ஒன்வே பேரிங் மட்டும் இன்னும் தலைவலி. ஒரு காலை உதைத்து மறு காலில் சறுக்குவதுதான் இந்த நடையே, உதைக்கும் சக்கரம் பின்னால் வழுக்கினால் பிள்ளை முன்னால் விழும். ஒரு பையன் அப்படி விழுந்து முழங்கை தோல் உரிந்ததும் 3 வாரம் வகுப்பையே நிறுத்திவிட்டேன். ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் இழுக்கும் உருளைக்குள்ளும் இதே சாமான்தான் இருக்கிறது என்று அந்தப் பெரியவரே தேடி, அளவு ஒத்துவந்த மூன்றை எடுத்துக் கொடுத்தார். இன்னும் இரண்டு கிடைக்கவில்லை, அந்த ஸ்கீகளை ஓரமாக வைத்திருக்கிறேன்.

ஷூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இந்த ஊர் வெயிலுக்கு அது அடுப்பு. இரண்டு கையிலும் பிடித்து ஊன்றித் தள்ளும் கம்பின் கூர்முனை சிமென்டில் மழுங்கிவிட்டதால், மூங்கில் கழி வெட்டி அடியில் ஊன்றுகோல் ரப்பர் மாட்டினோம், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் பனியில் போனவர்களே மூங்கில் கம்புதான் வைத்திருந்தார்கள், அதனால் குறையில்லை.

ஆனால் முதல் மாதம் பிள்ளைகளுக்கு நான் கம்பே கொடுப்பதில்லை. கம்பு இருந்தால் அதில் தொங்குவார்கள், கால் பழகாது. ஸ்டேச்சூ விளையாட்டு, சாக்பீஸ் கோட்டுக்குள் கல்லா மண்ணா, அப்புறம் கொக்கு. கொக்கு என்றால் ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே சத்தமாக எண்ண வேண்டும். 9 வயதுப் பெண் ஒருத்தி, வந்த நாளிலிருந்து வாயே திறக்காதவள், ஒரு நாள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தொடங்கி ஏழு வரைக்கும் போய்விட்டாள். திரும்பி வந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கால் தானா போகுதுக்கா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யார் முந்தினார் என்ற பட்டியலும் ரேங்க்கும் எங்களிடம் கிடையாது. நார்வேயில் 11 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ரேங்க் பட்டியல் போடக் கூடாது, தேசிய சாம்பியன்ஷிப் எல்லாம் 13 வயதுக்கு அப்புறம்தான் என்பது விதி. குளிர்கால ஒலிம்பிக்கில் மெடல் அள்ளும் நாடு அது. "கப் எப்போ மிஸ் கொடுப்பீங்க?" என்று கேட்கும் அப்பாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன். அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை, குத்துச்சண்டையும் கேரமும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக்கு வேலையும் பேரும் வாங்கிக் கொடுத்தவை. இதற்கு அப்படி ஒரு பாதை இங்கே இல்லை. 2018 பியோங்சாங்கில் இந்தியாவுக்காக 15 கிலோமீட்டர் கிராஸ்கன்ட்ரி ஸ்கீ போட்டியில் கலந்துகொண்ட ஜகதீஷ் சிங்கின் போட்டோவைக் காட்டினால் பிள்ளைகள் கேட்பதெல்லாம் "அந்த அண்ணா பேரிங்க யாருக்கா கழுவுறாங்க?" என்பதுதான். பனியில் சக்கரமே கிடையாது என்றதும் அவர்களுக்கு வந்த பொறாமையைப் பார்க்க வேண்டும்.

சரி, தோழிக்குப் பதில். வாங்காதேடி. நாலு ஜோடி வாங்கும் காசில் பிள்ளைகளுக்கு நாலு சக்கரம் வைத்த நல்ல குவாட் ஸ்கேட்ஸே வாங்கிவிடலாம், பாகமும் எல்லா இடத்திலும் கிடைக்கும். நேற்று ஒருவர் என்னிடம் இருப்பதை நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்க மனசு வரவில்லை. உன் பிள்ளைகளை ஞாயிறு காலை இங்கே கூட்டிக்கொண்டு வா, போடட்டும். நீ மட்டும் சனி ராத்திரியே வந்துவிடு, 16 சக்கரம் கழற்ற வேண்டும்.