ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர்: 15-ஆம் தேதி முடியும் வரை அப்டேட் வேண்டாம் என்பவர்களுக்கு

பிரௌசர் தானாக அப்டேட் ஆகவே கூடாது என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் கிளறிக் கேட்டால், பெரும்பாலும் "இன்றைக்கு வேண்டாம்" என்பதுதான் உண்மையான பதிலாக வரும். அந்த "இன்றைக்கு வேண்டாம்" கோஷ்டிக்கு ஃபயர்பாக்ஸ் பிரௌசரின் ஈஎஸ்ஆர் பதிப்பும் (பெரிய மாற்றம் அடிக்கடி வராத தனிப் பதிப்பு), அதோடு நாமே எழுதிப் போடும் ஒரு சின்னக் கோப்பும் போதும். இரண்டும் இலவசம். நான் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடிக்கடையில் கணக்கெழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர்கள், மீதி உணவகம், மளிகை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 15-ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும்: இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), பிசிபி (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) எல்லாம் அதற்குள் கட்டியாக வேண்டும். அன்று காலை பார்த்து பிரௌசர் புது முகத்தோடு வந்து நின்றால், நேற்று வரை ஒரே பக்கத்தில் அச்சான சம்பளச் சீட்டு இரண்டு பக்கமாக உடைந்து வந்தால், அல்லது நாம் மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் "உங்கள் பிரௌசர் பதிப்புக்கு ஆதரவு விரைவில்" என்று பல்லிளித்தால், யாரிடம் போய் அழுவது? நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அப்படித்தான், புதுப் பதிப்புக்குப் பழக அதற்கு எப்போதும் சில வாரம் வேண்டும்.

முன்பெல்லாம் இது சுலபம். ஃபயர்பாக்ஸ் அமைப்புகளிலேயே "அப்டேட் தேடவே வேண்டாம்" என்று ஒரு தேர்வு இருந்தது. 2018 அக்டோபரில் வந்த 63-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது "தானாக நிறுவு", "தேடிச் சொல், நிறுவலாமா என்று கேள்" என்ற இரண்டுதான், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கேட்டுக்கேட்டே உயிரை எடுக்கும். குரோமில் அதுகூட இல்லை. விண்டோஸில் குரோம் அப்டேட்டைக் கட்டுப்படுத்தும் கொள்கை அமைப்பு இருக்கிறது, ஆனால் கம்பெனி டொமைனில் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்) இணைந்த கணினிகளுக்கு என்று வைத்திருக்கிறார்கள். நாலு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் டொமைனுக்கு எங்கே போவது? எங்களுக்கு வழக்கமாகக் கணினி பார்க்கும் கடைக்காரர் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார். பின்னணியில் ஓடும் அப்டேட் சேவையை முடக்கி, அதன் கோப்புறைப் பெயரையும் மாற்றி, ஐம்பது ரிங்கிட் வாங்கிக்கொண்டு போனார். குழாய் ஒழுகுகிறது என்று தெருவுக்கே தண்ணீரை மூடின மாதிரி. பாதுகாப்புத் திருத்தமும் வராது, அது வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.

சரி, ஈஎஸ்ஆருக்கு வருவோம். 2012-லிருந்து மோசில்லா இதைத் தனியாக வெளியிடுகிறது. சாதாரண ஃபயர்பாக்ஸ் நாலு வாரத்துக்கு ஒரு புது எண்ணோடு வருகிறது அல்லவா, ஈஎஸ்ஆரில் அந்தப் பெரிய தாவல் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு முறைதான்: 2023 ஜூலையில் 115, 2024 ஜூலையில் 128, 2025 ஜூனில் 140. இடைப்பட்ட காலத்தில் வருபவை பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும். பொத்தான் இடம் மாறாது, மெனு மாறாது. அலுவலகத்துக்கு வேறென்ன வேண்டும்.

ஆனால் கவனிக்க வேண்டியது, ஈஎஸ்ஆரும் தானாகத்தான் அப்டேட் ஆகும். ஈஎஸ்ஆர் போட்டாலே அப்டேட் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், நிற்காது. நிறுத்துவதற்குத்தான் அந்தக் கோப்பு. ஃபயர்பாக்ஸ் நிறுவியிருக்கும் கோப்புறைக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு புதுக் கோப்புறை, அதற்குள் பாலிசீஸ் என்ற ஜேசான் கோப்பு (நோட்பேடிலேயே எழுதக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு வகை). நோட்பேடில் சேமிக்கும்போது அது நைசாக வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைக்கும், அதனால் "எல்லாக் கோப்புகளும்" என்று மாற்றிவிட்டுச் சேமியுங்கள். உள்ளே எழுத வேண்டியதில் இரண்டு வகை. எல்லாரும் சொல்வது டிஸேபிள்ஆப்அப்டேட். அது கதவையே அடைத்துவிடும், நாமே போய் அப்டேட் செய்யலாம் என்றாலும் விடாது. நான் சொல்வது மேனுவல்ஆப்அப்டேட்ஒன்லி, 87-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் பேசுவதில்லை. இதைப் போட்டால் பின்னணியில் தேடாது, கேள்வி கேட்டு நச்சரிக்காது, நாமாக உதவி மெனுவில் "ஃபயர்பாக்ஸ் பற்றி" என்பதைத் திறந்தால் மட்டும் புதிதாக வந்திருப்பதைத் தேடி எடுக்கும். எங்களுக்கு அது 16-ஆம் தேதி.

இதைப் போட்டதும் அமைப்புகள் பக்கத்தின் தலையில் "உங்கள் நிறுவனம் இந்த உலாவியை நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி வந்து உட்காரும். எங்கள் அலுவலகத் தங்கச்சி அதைப் பார்த்து, "அக்கா, யாரோ நம்ம கம்ப்யூட்டர்ல புகுந்துட்டாங்க போல" என்று பதறிவிட்டாள். அந்த நிறுவனம் நாம்தான் என்று புரியவைக்க ஒரு தே தாரிக் டீ செலவானது.

ஒரு நட்சத்திரம் குறைந்தது நிறுவும் இடத்தில். ஈஎஸ்ஆர் நிறுவியைச் சும்மா ஓடவிட்டால் பழைய ஃபயர்பாக்ஸ் இருந்த அதே இடத்தில் போய் உட்காரும். அங்கே ஏற்கெனவே அதைவிடப் புதிய பதிப்பு இருந்திருந்தால், பழைய புரொஃபைலை (புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் இருக்கும் நம் தரவுத் தொகுப்பு) திறக்க மறுத்துப் புதிது ஒன்றை உருவாக்கச் சொல்லும். புக்மார்க்கையும் கடவுச்சொல்லையும் முன்பே ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள். 67-ஆம் பதிப்பிலிருந்தே இப்படித்தான், தரவு கெடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. காரணம் நியாயம், ஆனால் அந்த நேரத்தில் வரும் எச்சரிக்கை சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி இல்லை.

அப்டேட்டே செய்யாமல் வருடக்கணக்கில் ஓட்டுவேன் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வகைப் படங்களைப் படிக்கும் நிரலில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள், கோளாறான ஒரு படம் கண்ணில் பட்டாலே போதும் என்கிற ரகம், குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே அவசரமாகத் திருத்தம் விட்டன. அப்புறம், 2025 மார்ச் 14 அன்று ஃபயர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் (எது நம்பகமானது என்று சரிபார்க்க உதவும் டிஜிட்டல் முத்திரை) காலாவதியானது. 128-க்கும், பழைய ஈஎஸ்ஆர் என்றால் 115.13-க்கும் முந்தைய பதிப்பில் தங்கியிருந்தவர்களுக்கு ஆட்-ஆன் உட்படப் பல வசதிகள் அன்றோடு வேலை செய்யாமல் போகும் என்று மோசில்லா முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதாவது நாம் எதையும் தொடாவிட்டாலும் ஒருநாள் அது தானாகவே கெடும்.

விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடுகிறதா? குரோம் அதை 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்போடு கைவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 ஈஎஸ்ஆர்தான் கடைசி, அதன் முடிவுத் தேதியையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தள்ளிப் போட்டார்கள். வரவேற்பு மேசையில் விலாசம் தேட வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

வீட்டில் அம்மா அப்பா பயன்படுத்தும் கணினியில் இந்தக் கோப்பைப் போட வேண்டாம். 16-ஆம் தேதி "ஃபயர்பாக்ஸ் பற்றி"யைத் திறக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஈஎஸ்ஆரை மட்டும் போட்டு, அது பாட்டுக்கு அப்டேட் ஆகட்டும் என்று விட்டுவிடுங்கள்.