முதிர்வு 15 நாள், வட்டி கிடையாது, விற்பனை அமோகம்: தேர்தல் பத்திரத்துக்கு ஓர் ஆர்.டி. ஏஜென்ட்டின் மதிப்புரை

நான் அஞ்சலக ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) ஏஜென்ட். திருச்சி உறையூர் பக்கம் பூக்கடை, இட்லிக் கடை, தையல் கடை என்று ஏறி இறங்கி மாதா மாதம் பணம் வாங்கிக் கட்டுகிறவள். புதிதாக எந்தச் சேமிப்புத் திட்டம் வந்தாலும் என் கண் போவது சில இடங்களுக்குத்தான்: குறைந்தது எவ்வளவு போடலாம், வட்டி என்ன, எப்போது கைக்கு வரும், பத்திரம் தொலைந்தால் கதி என்ன. அதே கண்ணோடு, கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் விற்ற தேர்தல் பத்திரத்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் கடையைச் சாத்திவிட்டதே, இனி எதற்கு மதிப்புரை என்று கேட்பீர்கள். 30 தவணைகளில் சுமார் 16,518 கோடி ரூபாய்க்கு விற்ற சரக்கு ஐயா இது! 6.7 சதவீதம் வட்டி என்று தொண்டை வறளச் சொல்லி ஒரு கணக்குப் பிடிப்பதற்குள் எனக்கு ஒரு வாரம் போய்விடுகிறது. வட்டியே இல்லாமல் இதை எப்படி விற்றார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் சரக்கின் விவரம். 2017 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி அறிவித்தார். 2018 ஜனவரியில் அரசாணை, மார்ச்சில் முதல் விற்பனை. விற்றது ஸ்டேட் வங்கி மட்டும். முதல் தவணையில் சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி என்று நான்கே கிளைகள். அப்புறம் 29 கிளைகளுக்கு அனுமதி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் பத்துப் பத்து நாள் விற்பார்கள். மக்களவைத் தேர்தல் வந்தால் கூடுதலாக 30 நாள். 2022 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் வரும் ஆண்டுகளுக்கும் 15 நாள் சேர்த்தார்கள். ஆடித் தள்ளுபடியைக்கூட இப்படி நீட்டிக்க மாட்டார்கள்.

1,000, 10,000, 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி என்று ஐந்து வகை. இதில் 1,000 ரூபாய்ப் பத்திரம் சும்மா பேருக்குத்தான். விற்ற தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் 1 கோடிப் பத்திரம். வாங்கிய 15 நாளுக்குள் கட்சி அதைப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டும், தவறினால் பணம் பிரதமர் நிவாரண நிதிக்குப் போய்விடும். வட்டி கிடையாது, நாமினி கிடையாது. வருமான வரியில் மட்டும் முழு விலக்கு.

பத்திரத்தில் பெயர் இருக்காது என்பதைத்தான் பெரிய சிறப்பாகச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. 1986இல் அஞ்சலகத்தில் இந்திரா விகாஸ் பத்திரம் வந்தது. அதிலும் பெயர் கிடையாது, யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம். தொலைந்தால் தொலைந்ததுதான், நகல் தர மாட்டார்கள். 1999இல் நிறுத்திவிட்டார்கள். 2011இல் கிசான் விகாஸ் பத்திரத்தையும் கறுப்புப் பணம் புகுந்துவிடும் என்று பயந்து நிறுத்தி, 2014இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அஞ்சலகத்தில் 10 லட்சத்துக்கு மேல் போட்டால் பணம் எங்கிருந்து வந்தது என்று காகிதம் காட்ட வேண்டும். மாடு விற்ற பணம், நகை விற்ற பணம் என்று எங்கள் ஆட்கள் கவுன்டரில் விளக்கிக்கொண்டு நிற்பார்கள். கோடிப் பத்திரம் வாங்கியவருக்கு அப்படி எந்தச் சங்கடமும் இல்லை. லாபத்தில் 7.5 சதவீதம்தான் கட்சிக்குக் கொடுக்கலாம் என்று கம்பெனிச் சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் வாரி வழங்கலாம். எங்கள் பூக்கடை அக்கா ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் முதலில் நிறுத்துவது ஆர்.டி.யைத்தான்.

சரி, பெயர் யாருக்குத் தெரியாது? வாங்குகிறவரின் ஆவணம் எல்லாம் வங்கியில் இருக்கிறது. மாற்றிய கட்சியின் கணக்கும் அதே வங்கியில். அந்த வங்கி அரசுடையது. குற்ற வழக்குப் பதிந்த விசாரணை அமைப்பு கேட்டால் விவரம் தரலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கிய கட்சிக்குப் பெரும்பாலும் தெரியும். தெரியாதவர் ஓட்டுப் போடுகிறவர் ஒருவர்தான். ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் 2017இலேயே இது சரிவராது என்று எழுதிக் கொடுத்தன. யார் கேட்டார்கள்?

இன்னொரு வேடிக்கை. 2018 ஏப்ரலில் ஒரு செய்தித் தளத்தினர் 1,000 ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற ஊதா ஒளியில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று மின்னியது. போலியைத் தடுக்கத்தான் அந்த எண், வாங்குகிறவர் பெயரோடோ கட்சியோடோ சேர்த்து எங்கும் குறித்து வைப்பதில்லை என்று நிதியமைச்சகம் விளக்கம் சொன்னது. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்ற உத்தரவால் வங்கி கொடுத்த வாங்கியவர் பட்டியல், மாற்றிய கட்சிப் பட்டியல் இரண்டிலும் அதே எண்கள் வரிசையாக வந்து நின்றன.

பட்டுவாடா எப்படி நடந்தது என்பதற்கு ஐக்கிய ஜனதா தளம் தேர்தல் ஆணையத்துக்கு எழுதியதைப் படியுங்கள். 2019 ஏப்ரல் 3 அன்று பட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்து ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பிரித்தால் தலா 1 கோடி மதிப்பில் 10 பத்திரங்கள். யார் கொடுத்தது என்று கட்சிக்குத் தெரியாதாம், தெரிந்துகொள்ளவும் முயலவில்லையாம். பாஸ்புக்கில் இருக்கிற கையெழுத்தும் படிவத்தில் இருக்கிற கையெழுத்தும் கொஞ்சம் கோணினால் 500 ரூபாயைத் தர மறுக்கும் கவுன்டரைப் பார்த்தவள் நான். இதை ரசிக்காமல் என்ன செய்வது?

வாடிக்கையாளர் பட்டியலில் முதலிடம் நம்ம கோயம்புத்தூர் லாட்டரி மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்துக்கு. 1,368 கோடிக்கு வாங்கியிருக்கிறது. அடுத்தது ஹைதராபாத் மேகா இன்ஜினியரிங், 966 கோடி. பணம் பெற்ற கட்சிகள் பக்கத்தில் பா.ஜ.க. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் சுமார் 6,060 கோடியோடு எட்டாத உயரத்தில். அப்புறம் திரிணாமுல், காங்கிரஸ், தெலங்கானாவின் பி.ஆர்.எஸ். என்று தலா ஆயிரம் கோடியைத் தாண்டியவர்கள். தி.மு.க. 656.5 கோடி வாங்கியதாகத் தானே பட்டியல் கொடுத்தது. அதில் 509 கோடி லாட்டரிக் கம்பெனியிடமிருந்து. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்கு 2003 முதல் தடை. சீட்டு விற்கத்தான் தடை போலிருக்கிறது, பரிசு விழுவதற்கு இல்லை. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 6 கோடி சொச்சம், பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கொடுத்தது. கட்சி எதுவானாலும் மஞ்சள் சட்டைப் பாசம் விடாது. வேண்டாம் என்று சொல்லி, வழக்கும் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி. அதை இங்கே எழுதாவிட்டால் நியாயமில்லை.

வட்டி இல்லாத பத்திரத்தில் என்ன லாபம் என்று கேட்டேன் அல்லவா? ஒரு உதாரணம் மட்டும். டெல்லி மதுக் கொள்கை வழக்கில் அரபிந்தோ பார்மாவின் இயக்குநர் ஒருவரை 2022 நவம்பர் 10 அன்று அமலாக்கத்துறை கைது செய்தது. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. பா.ஜ.க. அதை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு அந்த இயக்குநர் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி, ஆனார். இதே கம்பெனி பி.ஆர்.எஸ்., தெலுங்கு தேசத்துக்கும் கொடுத்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுவை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே நான் தேதிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் சேவைக்குத்தான் மதிப்பெண் போட மனம் வரவில்லை. மார்ச் 6க்குள் விவரம் கொடு என்று நீதிமன்றம் சொன்னால், ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. வாங்கியவர் பட்டியல் தனி, மாற்றிய கட்சிப் பட்டியல் தனி, இரண்டையும் பொருத்த நேரமாகும் என்றார்கள். 2019 ஏப்ரல் முதல் விற்றவை மொத்தம் 22,217 பத்திரங்கள். மாதம் இரண்டு முறை லிஸ்ட் போட்டு, ஒரு ரூபாய் இடித்தாலும் மறுபடி உட்கார்ந்து கூட்டுகிற எங்களைப் போன்ற நாலு பேரிடம் கொடுத்திருக்கலாம். ஜூன் 30 என்றால் மக்களவைத் தேர்தல் முடிந்து புது அரசே அமர்ந்திருக்கும். 26 நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நீதிபதிகள் மார்ச் 11 அன்று கேட்ட பிறகு, மறுநாளே பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கட்டணம்? வாங்கியவருக்கு ஒரு பைசா கிடையாது. நாசிக்கில் அச்சடித்த செலவும் வங்கிக்கான கமிஷனும் அரசு கணக்கில், அதாவது தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற நம் கணக்கில். எனக்குக் கிடைக்கிற 4 சதவீதத்தை நினைத்துப் பார்த்தேன்.

கடை மூடிய பிறகு தேர்தல் அறக்கட்டளை என்ற பழைய சரக்குக்கு மறுபடி கூட்டம். 2013 முதல் இருப்பது. கம்பெனிகள் அதில் போடும், அது கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பெயர் வெளியே வரும். ஆனால் பல பேர் பணம் ஒரே பானையில் விழுவதால் யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில்: தீர்ப்பு வந்த அன்று 15 நாள் கெடு முடியாமல், மாற்றாமல் கையில் இருந்தவற்றுக்கு மட்டும் திருப்பித் தரச் சொன்னார்கள். கட்சிகள் மாற்றிக்கொண்டதைப் பறிமுதல் செய்யச் சொன்ன மனுவும் தள்ளுபடி. வாங்கிய கம்பெனிகள் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தொழில் கூட்டமைப்புகள் மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி வந்தது, பத்திர எண்ணை வெளியிட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான்.