மல்லிக்குக் கரி போட்டு 6 வருசம்: பயோசார் பத்தி என் அனுபவம்

2019 கார்த்திகையில கவாத்து முடிச்ச கையோட முதல் தடவை மல்லிச் செடிக்குக் கரி போட்டேன். இப்போ 6 வருசம் ஓடிப்போச்சு. தெரிஞ்சவங்க போன்ல கேக்குறாங்க, பயோசார் (மண்ணுல போடுறதுக்குன்னு எரிச்ச கரி) போடலாமா, பூ எவ்ளோ கூடும்னு. ஒரு வரியில சொல்ற மாதிரி பதில் இல்ல, ஏன்னா முதல் வருசம் செடியக் கெடுத்ததும் அதே கரிதான், இப்போ தண்ணியக் காப்பாத்துறதும் அதே கரிதான்.

நமக்கு அருப்புக்கோட்டை பக்கம். கிணத்தடியில 30 சென்ட் செம்மண்ணு, சுமாரா 750 மல்லிச் செடி நிக்குது. ரோட்டுக்கு அந்தாண்ட ஒன்றரை ஏக்கர் கரிசல், மானாவாரி, மழையப் பாத்துட்டு உளுந்தோ பருத்தியோ போடுவோம். செம்மண்ணு ரொம்பப் பொடி, சித்திரை வைகாசியில இன்னைக்குத் தண்ணி பாய்ச்சுனா நாளன்னைக்கு மண்வெட்டி போட்டா புழுதி பறக்கும். கிணத்துலயும் அந்த நேரம் ஒரு மணி நேர மோட்டாருக்குத்தான் தண்ணி. அந்தக் கவலையிலதான் இதுல எறங்குனேன், உலகத்தக் காப்பாத்தணும்னுலாம் ஒண்ணும் இல்ல.

எங்க பக்கம் கரிக்குப் பஞ்சமே கிடையாது. கண்மாய்க்குள்ள, ஓடைக்கரையில எங்க பாத்தாலும் சீமைக்கருவேலம். 2017-ல ஹைகோர்ட்டு மதுரைக் கிளை சொல்லி ஊரே சேந்து வெட்டுச்சு, ரெண்டு மழைக்குத் திரும்பத் தூருல இருந்து தழைச்சு வந்துருச்சு. அதை வெட்டி அடுக்கி, மண்ணு போட்டு மூடி எரிச்சுக் கரியாக்குற மூட்டம் போடுறவங்க இங்க நிறைய. மூட்டம் பிரிச்சு கரியச் சலிச்சு மூட்டை கட்டுன பிறகு அடியில தூள் மிஞ்சும்ல, அது ஊதுபத்திக்குப் போகும், விலை கம்மி. நான் அதைத்தான் முதல்ல ஒரு வண்டி வாங்கிட்டு வந்து செடிக்கு ஒரு கிலோன்னு அப்படியே தூருல கொட்டி மண்ணணைச்சேன். அப்பா கட்டில்ல உக்காந்து பாத்துட்டு, "டேய், அடுப்புக்கரிய அள்ளிப் போட்டா பூ வருமாடா?"ன்னு கேட்டார். நான் அமேசான் காட்டுக் கதையெல்லாம் சொன்னேன், அங்க டெர்ரா பிரேட்டான்னு கறுப்பு மண்ணு, பல நூறு வருசத்துக்கு முந்தி சனங்க கரி போட்டு உண்டாக்குனது, இன்னைக்கும் வளமா இருக்குன்னு. அவர் துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

மாசி மாசம் அவர் கேட்டதுதான் சரின்னு ஆச்சு. புதுத் துளிரெல்லாம் வெளுத்து மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. மல்லி போடுறவங்களுக்கு இது பாத்தாலே தெரியும், இரும்புச்சத்து இழுக்கல. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கலந்து ரெண்டு மூணு தடவை இலையில அடிச்சுத்தான் செடியத் தேத்துனேன். அப்புறம் மண்ணு டெஸ்ட் குடுத்துப் பாத்தா பி.எச். ஏறியிருக்கு. மூட்டத்துத் தூளுல பாதி சாம்பல், சாம்பல் காரம், மண்ணுல காரம் ஏறுனா இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அது போதாதுன்னு எருவுல ஊற வைக்காத கரி மண்ணுல கிடக்குற தழைச்சத்தையும் உறிஞ்சி வச்சுக்கிட்டு செடியப் பட்டினி போடும். டெர்ரா பிரேட்டாவும் வெறும் கரி இல்லையாம், அதுல எலும்பு, மீன் கழிவு, எருவு, ஓட்டாஞ்சில்லு எல்லாம் கலந்து கிடக்கு. நான் கதையில பாதியத்தான் அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்!

அதுக்கப்புறம் நானே எரிக்க ஆரம்பிச்சேன். கூம்பு மாதிரி ஒரு குழி, மேல 5 அடி அகலம், ஆழம் 3 அடி. பெரிய கட்டைய மூட்டக்காரங்களுக்கே குடுத்துருவேன், விலைபோகாத விளாறு மட்டும் எனக்கு, கை மணிக்கட்டு மொத்தத்துக்கு மேல இருக்கக் கூடாது, நல்லாக் காஞ்சிருக்கணும். குழிக்குள்ள தீ மூட்டி, குச்சி மேல வெள்ளைச் சாம்பல் பூக்க ஆரம்பிக்கிற நேரம் அடுத்த அடுக்கப் போடணும். மேல எரியிற தீ கீழ காத்தப் போக விடாது, அதனால கீழ இருக்குறது சாம்பலாகாமக் கரியாவே நிக்கும், கிளம்புற புகையும் அந்தத் தீயிலயே எரிஞ்சுரும். புகை கறுப்பாவோ வெள்ளையாவோ கிளம்புச்சுன்னா விறகு ஈரம், இல்ல அவசரப்பட்டு நிறையக் கொட்டிட்டோம்னு அர்த்தம். மூணு மணி நேரத்துல குழி ரொம்பிரும், கடைசியில 10 குடம் தண்ணி ஊத்தி அணைக்கணும், அந்தச் சத்தமும் ஆவியும் இருக்கே, பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதல் தடவை ஓடியே வந்துட்டார். காய வச்சு எடை போட்டா ஒரு குழிக்கு 80 கிலோ தேறும். கரி வெந்துருச்சான்னு பாக்குறது லேசு, ரெண்டு துண்டத் தட்டுனா கணீர்னு கேக்கணும், கையில தேச்சுத் தண்ணியில கழுவுனா சோப்பு இல்லாமப் போகணும். பிசுபிசுன்னு ஒட்டுனா உள்ள தார் மிச்சம் இருக்கு, திரும்ப அடுத்த குழியில போட்டுருங்க.

ஒரு எச்சரிக்கை. ரெண்டாவது வருசம் அணைஞ்சிருச்சுன்னு நம்பிச் சாயங்காலமே சாக்குல கட்டி மோட்டார் ரூமுல வச்சிட்டேன். நடுச்சாமத்துல நாய் குரைக்குதுன்னு வந்து பாத்தா ரூம் சன்னல் செவப்பா தெரியுது. உள்ள ஒரு துண்டுல கங்கு இருந்திருக்கு, சாக்கு, சொட்டுநீர்ப் பைப்பு சுருள், அப்பாவோட பழைய குடை எல்லாம் போச்சு, ஸ்டார்ட்டர் பெட்டி தப்பிச்சது சாமி புண்ணியம். இப்பெல்லாம் வெளியில பரப்பி ரெண்டு நாள் கிடக்க விட்டுட்டுத்தான் சாக்கத் தொடுறது. நொறுக்குறப்போவும் ஈரமா இருக்கணும், இல்லேன்னா அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயிரும். நான் சாக்குல கட்டி மேல டிராக்டர ஏத்திருவேன், பட்டாணி அளவுக்கு ஒடைஞ்சாப் போதும்.

நொறுக்குன கரி ஒரு கூடைக்கு மக்குன எருவு ஒரு கூடை, மேல ஜீவாமிர்தமோ கோமியத் தண்ணியோ தெளிச்சுக் கிளறி ஈரச்சாக்கு போட்டு ஒரு மாசம் நெழல்ல மூடி வைக்கிறேன். தொட்டா குளுகுளுன்னு இருக்கணும், மண்வாசம் வரணும். இதை வருசா வருசம் கவாத்துக்குப் பிறகு தூரச் சுத்தி அரை அடி ஆழத்துல போடுறது. இதுவரைக்கும் செடிக்கு மொத்தமா 3 கிலோ கரி போயிருக்கும். மஞ்சள் அடிக்கிறது நின்னுருச்சு.

பலன் என்னன்னா, ரெண்டு வரிசையில மட்டும் கரியே போடாம வெறும் எருவோட விட்டு வச்சிருக்கேன், அதோட ஒப்பிட்டுத்தான் சொல்றேன். வைகாசி வெயில்ல அந்த ரெண்டு வரிசை தண்ணி பாய்ச்சுன மூணாம் நாளு தலையத் தொங்கப் போடும், கரி போட்ட செடி அஞ்சாம் நாள் வரைக்கும் தாங்குது. பூ எடை கூடுச்சான்னு கேட்டா, மாசி பங்குனி சீசன்ல எனக்கு வித்தியாசம் தெரியல, உண்மையச் சொல்லணும்ல. போன வருசம் பட்டுப்போன ஒரு செடியத் தோண்டி எடுத்தேன், நூலு மாதிரி வெள்ளை வேரு கரித்துண்டோட ஓட்டைக்குள்ள புகுந்து மறுபக்கம் வெளிய வந்திருக்கு, கரிய உருவுனா வேரு அறுந்துதான் வந்துச்சு. அப்பாகிட்ட காட்டுனேன். வாங்கி மோந்து பாத்துட்டு, "எருவு நாத்தம்தான் வருது"ன்னார்.

கரிசல்ல? 200 கிலோவ ஒரு மூலையில போட்டேன், மூணு வருசம் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. அந்த மண்ணு ஏற்கனவே ஈரத்தப் பிடிச்சு வைக்கும், ஏற்கனவே காரம். அதுல கரி போடுறது வீண் செலவு, களர் மண்ணு வச்சிருக்குறவங்க இன்னும் யோசிச்சுப் போடுங்க. அதே மாதிரி ஆன்லைன்ல பயோசார்னு போட்டு விக்கிற பையி ஒண்ணு வாங்குனேன், கழுவிப் பாத்தா முக்கால்வாசி சாம்பல். ரைஸ் மில் உமிச்சாம்பலையும் சிலர் பயோசார்னே சொல்றாங்க, வெள்ளையா எரிஞ்ச சாம்பல்ல கார்பன் எங்க இருக்கு?

கார்பன் கணக்குக்கு வருவோம். மரம் காத்துல இருந்து இழுத்த கார்பன், கரியா மண்ணுக்குள்ள போனா திரும்பக் காத்துக்குப் போகாம ரொம்ப நாள் தங்கும். 2.4 டன் கரி இதுவரை மண்ணுக்குள்ள போயிருக்கு. ஐ.நா.வோட பருவநிலைக் குழு ஐபிசிசி 2019-ல குடுத்த கணக்குப்படி 450-ல இருந்து 600 டிகிரிக்குள்ள வெந்த கரியில 100 வருசம் கழிச்சும் 80 சதவீதம் கார்பன் மிச்சம் இருக்கும். கரியில 70 சதவீதம் கார்பன்னு வச்சா, கிலோ கரிக்கு சுமார் 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு காத்துக்குப் போகாம நிக்கும், ஆக மொத்தம் 4.8 டன். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ விடுது, அப்படின்னா என் ஸ்ப்ளெண்டர் பைக்கு 1 லட்சம் கிலோமீட்டர் ஓடுன புகைய மண்ணுல பொதைச்சிருக்கேன். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஈர விறகுல கிளம்புற புகையில மீத்தேன் இருக்கும், கார்பன் டை ஆக்சைட விட அதிகமா பூமியச் சூடாக்குற வாயு, அது இந்தக் கணக்க அரிச்சுரும்.

இதுக்குக் காசு வருமான்னா, 2025 ஜனவரியில கூகுள் வராஹாங்கிற இந்தியக் கம்பெனிகிட்ட 1 லட்சம் டன் பயோசார் கிரெடிட் (கரியா மண்ணுல தங்குற கார்பனுக்குக் காசு குடுத்து வாங்குற சான்று) வாங்குறதா ஒப்பந்தம் போட்டுச்சு, அதப் பாத்துட்டு எங்க ஊருக்கும் ஒருத்தர் வந்தார். ஒவ்வொரு குழிக்கும் போட்டோ, எடை, ஈரப்பதம், லேப் டெஸ்ட்டு, ஆப்புல ஏத்தணும்னார். சரின்னு ஆறு குழிக்குப் போட்டோ அனுப்புனேன், ஆள் போனே எடுக்கல. 30 சென்ட்டுக்காரனுக்கு அதுல ஒண்ணும் தேறாது.

இந்த வருசம் கவாத்து முடிஞ்சிருச்சு, நாலு குழி எரிச்சாச்சு, இன்னும் ரெண்டு பாக்கி. முள்ளு குத்தி ரெண்டு செருப்பு போயிருச்சு. கரி போடாம விட்ட அந்த ரெண்டு வரிசைக்கும் இந்தத் தடவை போட்டுருன்னு அப்பா சொல்றார். அது ஒப்பிட்டுப் பாக்க விட்டதுப்பான்னா கேக்க மாட்டேங்குறார், நேத்து அவரே ஒரு கூடையத் தூக்கிட்டுப் போயிட்டார்.