காசல்ரீ தண்ணீருக்கு எது: பெட்ரோல் எஞ்சினா, பேட்டரி மோட்டாரா?

ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுவதற்கென்றே 14 அடி பைபர் படகு ஒன்றை நானும் மச்சானும் பங்குபோட்டு வாங்கினோம். நீர்கொழும்புப் பக்கம் ஓடிய படகு, லொறியில் ஏற்றி கினிகத்தேனை வழியாக மேலே கொண்டுவந்தோம். எஞ்சின், இருக்கை, நங்கூரம் எதுவும் கிடையாது, வெறும் கூடுதான். இப்போது நோர்வூட், மஸ்கெலியா பக்கம் இன்னும் சிலர் இதே மாதிரி படகு தேடுகிறார்கள், எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பின்னால் எதை மாட்டுவது? நாங்கள் மாட்டியது பேட்டரி மோட்டார். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பெட்ரோல் எஞ்சினுக்கும் நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். வேகம் பெட்ரோலுக்குத்தான். 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மாட்டினால் இந்த அளவு படகு இரண்டு பேரோடு மணிக்கு 25, 30 கிலோமீட்டர் பறக்கும். 55 பவுண்ட் உந்துவிசை உள்ள பேட்டரி மோட்டார் என்னதான் முக்கினாலும் 6, 7 கிலோமீட்டருக்கு மேல் போகாது. சத்தம் பேட்டரிக்குக் குறைவு; ஆழமில்லாத கரையோரத்தில் கெண்டை மேயும்போது கிட்டப் போய் இரை போட முடிவது அதனால்தான். ஓட்டச் செலவிலும் பேட்டரிதான் மலிவு. ஒருமுறை சார்ஜ் ஏற்ற ஒன்றரை யூனிட் கரண்ட் போதும், 15 குதிரைவலு எஞ்சினோ முழு வேகத்தில் மணிக்கு 7 லீட்டர் வாக்கில் குடிக்கும்.

கடலோரத்தில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உயரம். காசல்ரீ நீர்மட்டம் கடலுக்கு மேல் ஏறக்குறைய 3,600 அடியில் இருக்கிறது. மேலே போகப்போக காற்று மெலிகிறது, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த எஞ்சினுக்கு 1,000 அடிக்கு 3 சதவீதம் என்ற கணக்கில் பலம் குறையும். ஆகவே 15 குதிரைவலு வாங்கினால் இங்கே கையில் கிடைப்பது பதின்மூன்று சொச்சம். பலம் குறைவதுகூடப் பரவாயில்லை. காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவில் உள்ளே போவதால் கலவை தடித்துப்போகும், புகை கூடும், பிளக் கறுத்து அடைக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் சரியாகும். ஆனால் நீர்கொழும்பில் எஞ்சின் விற்பவருக்கு இதைச் செய்யவேண்டிய தேவை ஒருநாளும் வந்திருக்காது, நீங்களாகக் கேட்டு வாங்கவேண்டும். மின்மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.

சரி, இதெல்லாம் இரண்டாம் பட்சம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, படகு ஓடாமல் கிடக்கும் மாதங்கள்.

நம் பக்கம் மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்த மாதங்களில் காசல்ரீயில் காற்றும் தூறலும் சேர்ந்து அடிக்கும், கரை களிமண் வழுக்கும், தூண்டில் பிரியர்கள் பெரும்பாலும் படகைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கடல் மீனவருக்கு எஞ்சின் வருமானம், முடிந்த நாளெல்லாம் ஓடும், அதனால் அது நலமாக இருக்கும். நம்முடையது வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் எஞ்சின். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் மூன்று மாதத்தில் ஆவியாகி, தேன் நிறத்தில் ஒரு பிசின் அடியில் படியும். ஊசி நுழையும் அளவுகூட இல்லாத ஜெட் துவாரத்தை அந்தப் பிசின் அடைத்துவிட்டால், ஒக்டோபரில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றாலும் எஞ்சின் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் இதைத் தவிர்க்கலாம். ஒழுங்காகச் செய்பவர்கள் செய்கிறார்கள். மழையில் நனைந்து, இருட்டில் கரையேறும் நாளில் எத்தனை பேர் செய்வார்கள் என்பதுதான் கேள்வி.

அதோடு கியர் எண்ணெய், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் இம்பெல்லர் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் விறைத்துப்போகும், அதை மாற்ற கீழ்ப்பாகம் முழுவதையும் இறக்கவேண்டும். ஹட்டனில் த்ரீவீல் திருத்தும் பாஸ்மாருக்குக் குறைவில்லை; பழைய டூ ஸ்ட்ரோக் த்ரீவீல் கழற்றிப் பூட்டிய கைகளுக்கு கார்புரேட்டரும் பிளக்கும் விளையாட்டு. இம்பெல்லர், கீழ்ப்பாகத்து சீல் என்று வந்தால்தான் சிக்கல். அந்தச் சாமான் இங்கே கடையில் இருக்காது. நீர்கொழும்புக்கோ சிலாபத்துக்கோ இறங்கவேண்டும், அல்லது பஸ்ஸில் பார்சல் போடச் சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். யமஹா எண்டியூரோ மாதிரி கடலோரம் முழுக்க ஓடும் எஞ்சினுக்கே இந்த நிலை என்றால் பெயர் தெரியாத மலிவு எஞ்சினை நினைத்துப்பாருங்கள்.

இன்னொன்று சுமப்பது. எதை மாட்டினாலும் இரவில் படகோடு விட்டுவிட்டு வரமுடியாது, வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் 36 கிலோ, பெட்ரோல் டாங்கி தனி. எங்கள் மோட்டார் 11 கிலோவுக்குள், பேட்டரி 12 கிலோ வாக்கில். தண்ணீர் நிறைந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது. பெப்ரவரி, மார்ச்சில் நீர்மட்டம் இறங்கியதும் பழைய தேயிலைக் கட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும் வெடித்த செம்மண் சரிவில் அரை மைல் நடக்கவேண்டி வரும். அப்போது 36 கிலோ என்பது இரண்டு ஆள் வேலை.

பேட்டரி மோட்டாருக்குப் பராமரிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டால் மோட்டார் சாகும். அறுந்துபோன தூண்டில் நரம்பு தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும், அது விசிறிக்குப் பின்னால் உள்ள தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நட்டைக் கழற்றி, விசிறியை உருவி, அதைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்னக் கம்பியை (பின்) எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தலைமுடி போல் இறுகிச் சுற்றியிருப்பது தெரியும். அப்படியே ஓட்டினால் சூட்டில் உருகி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுக்கும், சீல் போனால் தண்ணீர் உள்ளே போகும், அப்புறம் உள்ளே துருதான். ஐந்து நிமிட வேலை. நான் கரையேறியதும் கையோடு பார்த்துவிடுவேன். உதிரியாக ஒரு விசிறி, இரண்டு பின், ஒரு நட், நட்டைக் கழற்றும் சாவி பையிலேயே கிடக்கும். கட்டையில் மோதினால் அந்தப் பின் கம்பிதான் முதலில் உடையும், நடுத்தண்ணீரிலேயே மாற்றிவிடலாம்.

மோட்டாரே எரிந்துவிட்டால்? இவை பெரும்பாலும் காந்தமும் கார்பன் பிரஷ்ஷும் வைத்த சாதாரண டீசி மோட்டார்கள். தண்ணீர் பம்புக்குச் சுற்றிக்கொடுக்கும் வைண்டிங் கடைக்காரருக்கு அதன் உள்விஷயம் புரியும், பிரஷ் மாற்றுவது பெரிய காரியமில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை போனால் நிலைமை வேறு, அதை இங்கே திருத்தித்தர ஆள் கிடைப்பார் என்று என்னால் உறுதி சொல்லமுடியாது. எனக்கு இதுவரை அப்படி வரவில்லை.

பேட்டரியில்தான் அதிகம் யோசிக்கவேண்டும். மச்சான் லொறி பேட்டரியே போதும் என்றான். லொறி பேட்டரி ஸ்டார்ட் பண்ணுவதற்கு ஒரு கணம் பலமாகக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கும் வகை. மணிக்கணக்காக இழுத்தால் சில மாதங்களில் படுத்துவிடும். ஈய பேட்டரிதான் என்றால், நீண்ட நேரம் இழுத்தாலும் தாங்கும் டீப் சைக்கிள் வகை வாங்குங்கள். அதிலும் எவ்வளவு கரண்ட் தேங்கும் என்பதற்கு 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அவ்வளவு கிடைக்காது, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் குறையும். எடை 28, 30 கிலோ வரும், சுமக்கும் கதை மறுபடி தொடங்கிவிடும்.

நாங்கள் போட்டது லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட், 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி. முதலில் கொடுக்கும் காசு கூட. ஆனால் உள்ளதை ஏறக்குறைய முழுதாகப் பாவிக்கலாம்: முழு வேகத்தில் இரண்டு மணி நேரம், பாதி வேகத்தில் ஐந்து ஆறு மணி நேரம், மெதுவாக ஊர்ந்துகொண்டே தூண்டில் போட்டால் ஒரு நாள். மழை மாதங்களில் பாதி சார்ஜில் கழற்றி வைத்தால் அலுங்காமல் இருக்கும். ஈய பேட்டரியை அப்படி விட்டால் சல்பேட் படிந்து செத்துவிடும். ஒன்றே ஒன்று கவனம். ஈய பேட்டரி தீரும் முன்னால் மோட்டார் தளரும், உங்களுக்குத் தெரியும். லித்தியம் கடைசிவரை ஒரே பலத்தில் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். வோல்ட் மீட்டர் இதற்கு உதவாது, உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கு வைக்கும் ஆம்பியர் மணி மீட்டர் கட்டாயம் வேண்டும். இந்த வகை ஆயிரக்கணக்கான சார்ஜ் சுற்று தாங்கும் என்கிறார்கள். எங்களுடையது இன்னும் புதுசு, பத்து வருடம் வருமா என்று அனுபவத்தில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இப்போது பெட்ரோல் பக்கத்தின் பலமான வாதம். வாங்குவதற்கு முன் மச்சான் கேட்டது இதைத்தான்: "காத்து எதிர்த்து அடிச்சா எப்படிடா கரைக்கு வருவ?" நியாயமான கேள்வி. படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 45 கிலோவுக்கு 2 பவுண்ட் உந்துவிசை என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்களுக்கு 20 பவுண்டே தாராளம், காற்றை நினைத்துத்தான் 55 எடுத்தோம். சாதாரணக் காற்றில் கரையோரமாக ஒட்டி வந்தால் பிரச்சினை இல்லை. பலத்த காற்றில் நடுத்தண்ணீரில் மாட்டினால் படகு நகர்வதே தெரியாது, அந்த நேரம் பெட்ரோல் எஞ்சின்தான் தெய்வம். ஆகவே பேட்டரி மோட்டார்க்காரர் வானத்தைப் பார்த்துத்தான் போகவேண்டும், தூரமாகப் போகும்போது காற்று வரும் திசைக்கு முதலில் போய், திரும்பும்போது காற்றோடு வரவேண்டும். துடுப்பு இரண்டு எப்போதும் படகில் இருக்கவேண்டும். எந்த எஞ்சினாக இருந்தாலும் அணைக்கட்டு, வான் கதவு, சுரங்கம் தொடங்கும் இடம் எதற்கும் கிட்டப் போகாதீர்கள்.

மறுவிற்பனையும் பெட்ரோலுக்குத்தான் சாதகம். நல்ல நிலையில் உள்ள யமஹாவைக் கடலோரத்தில் சொன்ன விலைக்கு உடனே எடுப்பார்கள். பேட்டரி மோட்டாரை வாங்கும் ஆள் கொஞ்சம்தான். இரண்டு வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் உள்ளவர் தயங்காமல் பெட்ரோல் எடுக்கலாம்.

எரிபொருள் கிடைக்குமா என்ற பயத்தை வைத்து யாரையும் பேட்டரிக்கு இழுக்கமாட்டேன். 2022இல் பெட்ரோல் செட்டில் வரிசையில் நின்றதும், கியூஆர் கோட்டுக்கு வாரக் கணக்கில் அளந்து ஊற்றியதும் மறக்கவில்லை. அதே வருடம் கரண்டும் நாளுக்கு மணிக்கணக்காக நின்றது. அதில் இரண்டும் சமம். தண்ணீர் விஷயத்தில் சமம் இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத எண்ணெயையும் பெட்ரோலையும் புகையோடு தண்ணீருக்குள்ளேயே துப்பும். காசல்ரீயில் தேங்குவது கெஹெல்கமு ஓயா, மவுஸ்ஸாகலையில் தேங்குவது மஸ்கெலி ஓயா. இரண்டும் சேர்ந்தால்தான் களனி கங்கை, அதிலிருந்துதான் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றுவதும் காசல்ரீ தண்ணீர்தான். எங்கள் வீட்டில் பேட்டரிக்கு ஏறும் கரண்டில் அதுவும் கொஞ்சம் இருக்கும் என்பது எனக்குச் சந்தோஷம்.

மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. மீன் காட்டும் கருவிக்குத் தனியாக ஒரு சின்ன 7 ஆம்பியர் மணி பேட்டரி வையுங்கள், மோட்டாரின் பேட்டரியிலிருந்தே எடுத்தால் திரை முழுக்கக் கோடாக விழும். கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 போன்ற சின்னது தாராளம். மீனைவிட அடியில் கிடக்கும் கட்டைகளையும் பழைய ஓயா ஓடிய பள்ளத்தையும் பார்க்கத்தான் அது அதிகம் உதவுகிறது. மோட்டார் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் 60 ஆம்பியர் பிரேக்கர் வேண்டும், வயர் மெலிசாக இருக்கக்கூடாது. நங்கூரம் நகம் வைத்தது வேண்டாம், கட்டையில் மாட்டினால் திரும்பி வராது. களிமண் அடிக்குக் காளான் வடிவத்தில் வருவது போதும். உயிர்காப்பு அங்கி பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை, போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும்.

விக்டோரியா, ரந்தெனிகலை போன்ற பெரிய நீர்த்தேக்கங்களுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். அங்கே தூரம் வேறு, காற்று வேறு, வெயில் வேறு, நான் ஓட்டியதும் கொஞ்சம்தான். அங்கே மாதம் முழுக்க ஓட்டப்போகிறவருக்கு 15 குதிரைவலு பெட்ரோலும், முன்பக்கம் துணைக்கு ஒரு சின்ன மின்மோட்டாரும் சேர்த்து மாட்டுவதுதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை அளவுக்கு பேட்டரியே போதும்.