பத்தொன்பதாயிரம் கிலோமீட்டரில் தேய்ந்த பிரேக் பேடுகள்: தருமபுரி சர்வீஸ் மையம் ஒன்றின் மதிப்புரை

தருமபுரியில் இயங்கும், கார் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் மையத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். என்னுடையது ஒன்றரை ஆண்டுகூட நிறையாத, கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. கியர் கொண்ட பெட்ரோல் ஹேட்ச்பேக். கட்டணமில்லா சர்வீஸ்கள் முடிந்து, கூலியும் கொடுத்துச் செய்யவேண்டிய முதல் சர்வீஸுக்காக 19,000 கிலோமீட்டரை ஒட்டி அங்கே விட்டேன். அந்த மையத்தில் வண்டியின் கீழே நின்று வேலை செய்பவர்களின் திறமையில் எனக்குக் குறையில்லை. வண்டியை வாங்கிப் பார்த்து எஸ்டிமேட் போடும் இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. முன்சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டான டிஸ்க்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் பேடுகள் ஏன் இவ்வளவு விரைவில் தேய்ந்தன என்ற கேள்வியை யாரும் எழுப்பாமலேயே, பேடுகளையும் டிஸ்க்குகளையும் சேர்த்து மாற்றுவதற்கான தொகையை எழுதிவிட்டார்கள். வாடிக்கையாளர் தயங்காமல் கையெழுத்திட்டிருந்தால், புதிய பேடுகளும் அதே காரணத்தால் அதே வேகத்தில் தேய்ந்திருக்கும்.

எஸ்டிமேட்டின் மொத்தத் தொகை ரூ. 17,600. இதில் என்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் ரூ. 2,350, ஏர் ஃபில்டர் ரூ. 480, ஏ.சி. ஃபில்டர் ரூ. 520, சர்வீஸ் கூலி ரூ. 1,950, வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் ரூ. 1,100. இவற்றில் எனக்கு மறுப்பில்லை. உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையோடு இவை பொருந்துகின்றன. அடுத்து வந்தவை என்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய ரூ. 650, ஏ.சி. கிருமிநீக்கத்துக்கு ரூ. 750. இவை இரண்டும் அந்த அட்டவணையில் இந்தக் கிலோமீட்டருக்கு இல்லாதவை. பிறகு பிரேக் சுத்தம் ரூ. 600, முன் பேடுகள் ரூ. 2,950, அவற்றைப் பொருத்தும் கூலி ரூ. 850, இரண்டு முன் டிஸ்க்குகள் ரூ. 5,400. ஆக, மொத்தத் தொகையில் பாதிக்கும் மேல் பிரேக் தொடர்பானது.

பிரேக் சுத்தத்துக்கும் பேடு பொருத்துவதற்கும் தனித்தனிக் கூலி போட்டிருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். பேடு மாற்றுவதென்றால் சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரைத் தூக்கி, பழைய பேடுகளை எடுத்து, அவை உட்காரும் இடத்தைத் துடைத்துத்தான் ஆக வேண்டும். முன்சக்கரங்களைப் பொறுத்தவரை சுத்தம் என்பதும் அதே வேலையின் ஒரு பகுதியே. பின்சக்கரங்களின் டிரம் பிரேக்குகளுக்காகத் தனிக் கூலி என்றால் அதை அப்படியே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இதை எடுத்துச் சொன்னதும் எஸ்டிமேட் போட்ட சர்வீஸ் அட்வைசர் மறுபேச்சில்லாமல் 600 ரூபாயை நீக்கினார். கேட்டவுடன் நீக்கக்கூடிய ஒரு தொகை, கேட்காதவரின் பில்லில் அப்படியே நின்றுவிடும் என்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. வரி விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்த உதிரி பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடுதான் என்பதற்கேற்ப, எல்லா வரிகளும் சரியாகவே இருந்தன.

இனி பிரேக். "தொப்பூர் பக்கம் ஓடுற வண்டி சார், பேட் சீக்கிரம் போகத்தான் செய்யும்" என்றார் அட்வைசர். இது பொய்யில்லை, ஆனால் முழுக் காரணமும் இல்லை. தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் தொடர்ந்து இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதும் செய்தியைப் படிக்காமல் இந்த மாவட்டத்தில் யாரும் ஓர் ஆண்டைக் கழித்திருக்க முடியாது. பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் சாலையும், வத்தல்மலைச் சாலையும் பிரேக்குக்கு இதே வேலையைத்தான் கொடுக்கின்றன.

இந்த இறக்கம் பேடுகளுக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிற்கும்போது, ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதே கார், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், கரைத்தாக வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 12 லட்சம் ஜூல். அதாவது, ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும் நெடுஞ்சாலை வேகத்திலிருந்து நான்கு முறை வண்டியை நிறுத்துவதற்குச் சமம். காற்றின் தடையும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. மீதியை என்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பேடுகள் தாங்க வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியில் மூன்றாம் கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏ.எம்.டி. வண்டி தானியங்கி நிலையில் இறங்கும்போது மேல் கியரிலேயே நீடிக்க முனைவதால், அந்தச் சுமை பிரேக்கின் மீது விழுகிறது. இறக்கத்தில் லீவரை மேனுவல் நிலைக்குத் தள்ளிக் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே ஒரு வரியை, வண்டியை விற்கும்போதோ முதல் சர்வீஸின்போதோ வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. தொப்பூரைக் காரணம் காட்டும் மையம், தொப்பூரில் ஏ.எம்.டி. வண்டியை எப்படி இறக்குவது என்று சொல்லித் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் சாலைதான் காரணம் என்றால், இடது, வலது ஆகிய இரு சக்கரங்களின் பேடுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். கழற்றிய பேடுகளைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்து சொல்லுமாறு கேட்டேன். வலது சக்கரத்தில் உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் 5 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தன. இடது சக்கரத்தின் வெளிப்பக்க பேடும் அவ்வாறே. இடது சக்கரத்தின் உள்பக்க பேடு மட்டும் 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டிருந்தது. பெரும்பாலான கார்களில் புதிய பேடின் உராய்வுப் பகுதி 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. அப்படியானால் மூன்று பேடுகளுக்கு இன்னும் கணிசமான ஆயுள் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் தீர்ந்துபோயிருந்தது.

இந்த வகைத் தேய்மானம் ஏன் வருகிறது என்பது பிரேக் வேலை தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். இத்தகைய கார்களில் காலிப்பர் இரண்டு பின்களின் (pin எனப்படும் கம்பிகளின்) மீது பக்கவாட்டில் நகரும்படி அமைந்திருக்கிறது. பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் நகரும் பிஸ்டன் உள்பக்க பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும்போது, காலிப்பர் எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்பக்க பேடையும் அழுத்த வேண்டும். பின்னில் கிரீஸ் வற்றினாலோ, அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் புகுந்தாலோ, காலிப்பர் தடையின்றி நகராது. பிரேக்கை விட்ட பிறகும் உள்பக்க பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரத்தின் ரிம்மில் மட்டும் கரும்தூள் கூடுதலாகப் படிவதும், ஓட்டி நிறுத்தியபின் அந்தச் சக்கரத்தில் மட்டும் சூடு அதிகமாக இருப்பதும் இதன் அடையாளங்கள். என் வண்டியில் இடது காலிப்பரின் கீழ்ப் பின் இறுகியிருந்தது. ரப்பர் உறையில் வெடிப்பும் இருந்தது. இதைக் கண்டுபிடித்தவர் அட்வைசர் அல்லர். அளக்கச் சொன்னதும் வண்டிக்கடியில் நின்றிருந்த இளம் டெக்னீஷியன் பின்னைக் கையால் அசைத்துப் பார்த்து உடனே சொல்லிவிட்டார்.

இதற்கு முன்பே ஓர் அறிகுறி அவர்களுடைய பதிவிலேயே இருந்தது. முந்தைய கட்டணமில்லா சர்வீஸின் பில்லில் "பிரேக் ஆயில் டாப் அப்" என்று ஒரு சிறு தொகை இருக்கிறது. கசிவு இல்லாத வண்டியில் பிரேக் ஆயிலின் மட்டம் தாழ்கிறது என்றால், பேடு தேயத்தேயப் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்ப்பது. மேலே ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வது, எச்சரிக்கையை மறைப்பதாகும். புதிய பேடு போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்தக் கூடுதல் ஆயில் வழிந்து வெளியேறவும் வாய்ப்புண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். மலைச்சாலைப் பகுதியில் இயங்கும் ஒரு மையம் ஆயிலின் மட்டத்தோடு ஈரப்பதத்தையும் சோதித்துக் குறித்துத் தர வேண்டும். செய்யவேண்டிய வேலைகளைக் குறிக்கும் என் ஜாப் கார்டில் அதற்கான கட்டம் இருந்தது; நிரப்பப்படாமல் இருந்தது.

டிஸ்க்குகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. ஓரத்தில் விளிம்பு எழும்பியிருக்கிறது, கோடுகள் விழுந்திருக்கின்றன என்பது மட்டுமே மாற்றச் சொன்னதற்கான காரணம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். என் வண்டியில் அது 15 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து அளந்தபோது இரண்டு டிஸ்க்குகளும் 16.4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தன. பெடலில் அதிர்வும் இல்லை. 5,400 ரூபாயின் தேவை ஐந்து நிமிடத்தில் இல்லாமல் போயிற்று. அளக்கும் கருவி அதே கூரையின் கீழ் இருக்கும்போது, அளக்காமல் எஸ்டிமேட் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

வாரன்டி பற்றி அவர்கள் முதலில் சொன்ன பதில் வழக்கமானதே: பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர் போன்ற தேயும் பொருள்களுக்கு வாரன்டி கிடையாது. வாரன்டி ஏட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் காலிப்பர் தேயும் பொருள் அன்று. காலிப்பரின் பின் கம்பி இறுகியது வாரன்டிக் காலத்துக்குள் நேர்ந்த பழுது. பேடு தேய்ந்தது அந்தப் பழுதின் விளைவு. இதை எழுத்தில் கொடுத்த பிறகு, பின்னையும் ரப்பர் உறைகளையும் வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். பேடுகளுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டியிருந்தது. த்ராட்டில் சுத்தம், கிருமிநீக்கம், பிரேக் சுத்தம், டிஸ்க்குகள் ஆகியவை நீங்கிய பிறகு இறுதித் தொகை ரூ. 10,200.

வேலையின் தரத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. புதிய பேடுகள் அமரும் இடங்களில் வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவியிருந்தார்கள். சோதனை ஓட்டத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார்கள். பழைய பேடுகளைக் கேட்டவுடன் உறையில் இட்டுத் தந்தார்கள். சொன்ன மாலையிலேயே வண்டி கைக்கு வந்தது. அந்த டெக்னீஷியனின் பெயரைக் கருத்துப் படிவத்தில் எழுதிப் பாராட்டிவிட்டு வந்தேன்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் மலிவாக முடியுமே என்று கிருஷ்ணகிரியிலிருக்கும் என் மைத்துனர் கேட்டார். முடியும்தான். கார் நிறுவனங்களுக்கே பிரேக் பாகங்களைச் செய்து தரும், சென்னை பாடியைச் சேர்ந்த பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்களின் பேடுகள் வெளிச்சந்தையிலும் கிடைக்கின்றன. உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதற்காக, 2014 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544 கோடிக்கும் மேல் அபராதம் விதித்ததும், அவ்வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கலாம். வாரன்டி முடிந்த வண்டிக்கு, அளவுக்கருவிகள் வைத்திருக்கும் நம்பகமான வெளி மெக்கானிக் நல்ல தேர்வுதான். ஆனால் காலிப்பர் போன்ற பழுதை நிறுவனமே ஏற்கவேண்டிய காலத்தில் வெளியே போய் அந்த உரிமையை இழப்பதற்கு நான் உடன்படவில்லை. வாரன்டி முடியும்வரை இதே மையத்திற்குத்தான் போவேன். நான்கு பேடுகளின் தடிமன், டிஸ்க்கின் தடிமன், பிரேக் ஆயிலின் ஈரப்பதம் ஆகிய மூன்றும் ஜாப் கார்டில் எண்களாக எழுதப்பட்ட பிறகே எஸ்டிமேட்டில் கையெழுத்திடுவேன். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் கார் வைத்திருப்பவர்களும் இவ்வாறே கேட்க வேண்டுகிறேன். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பேடுகளின் விலையைத் திருப்பித் தரக் கோரி மையத்தின் மேலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பொருத்தும் கூலி 850 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள அவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார். பேடுகளின் விலையான 2,950 ரூபாயைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது நிறுவனத்தின் மண்டல அலுவலகம் என்று சொல்லி, அளவுகள் குறித்த ஜாப் கார்டையும் பழைய பேடுகளின் படங்களையும் அங்கே அனுப்பியிருக்கிறார்.