கேமரா நம் வீட்டில், ஓனர் அக்கவுண்ட் யார் போனில்?

வீட்டுக்குள் வைஃபை கேமரா வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கடைக்காரரை வைத்து மாட்டியவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்து அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். பல ஊர்களில் இதே முறையில்தான் கேமரா மாட்டுகிறார்கள்.

அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார், நான் சென்னையில். அப்பா தவறிய பிறகு வாசல், கூடம், கொல்லைக் கதவு மூன்று இடத்திலும் கேமரா போட்டோம். ஊரில் நல்ல பெயர் உள்ள கடை. அவர்களே வந்து மாட்டி, ரவுட்டரில் இணைத்து, என் போனில் ஆப் போடச் சொல்லி, படம் வரவைத்துக் கொடுத்தார்கள். படம் தெளிவாக வந்தது. ராத்திரியில் அம்மா எழுந்து நடந்தால் போனில் மணி அடிக்கும். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மாமா பையன் போன் செய்தான். தன் மளிகைக் கடைக்குக் கேமரா விசாரிக்க அதே கடைக்குப் போயிருக்கிறான். "அக்கா, அத்தை இப்ப கூடத்துல உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டான். ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஆமாம், கட்டிக்கொண்டிருந்தார். "நான் இங்க கடையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன் அக்கா" என்றான்.

நடந்தது இதுதான். படம் எவ்வளவு துல்லியமாக வரும் என்று அவன் கேட்க, கவுன்டரில் இருந்த பையன் தன் போனை எடுத்து, ஏற்கெனவே மாட்டிக்கொடுத்த வீடுகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக லைவ் காட்டியிருக்கிறான். டாக்டர் வீடு, நகைக்கடை மாடி என்று வரிசையாகப் பெயர்கள். எங்கள் வீட்டுக்கு 'பாட்டி தனி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தனியாக இருக்கும் வயதான பெண்ணின் வீட்டை அப்படிப் பெயரிட்டு, கடைக்கு வருகிற யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். மாமா பையன் சமயோசிதமாக அந்தத் திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். அது இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபித்திருக்க முடியாது.

கடை முதலாளிக்குப் போன் செய்தேன். கொஞ்சமும் பதற்றப்படவில்லை.

"மேடம், எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம். நாளைக்கு ரெக்கார்டிங் வரல, நெட் வரலன்னா எங்களைத்தானே கூப்பிடுவீங்க? இங்கிருந்தே சரி பண்ணிக் குடுத்துடலாம்ல."

"அதுக்கு எங்க வீட்டை வேற கஸ்டமருக்கு ஏன் காட்டணும்?"

"பையன் புதுசு மேடம். சொல்லி வைக்கிறேன்."

ஓனர் அக்கவுண்டை என் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. அதற்கு ஆள் வர வேண்டும், தனிச் சார்ஜ் ஆகும், மாற்றிவிட்டால் சர்வீஸுக்கு வரமாட்டோம், வாரண்டியும் போய்விடும் என்றார். வாரண்டி பற்றிச் சொன்னது பொய். வாரண்டி தருவது தயாரித்த கம்பெனி. எந்த அக்கவுண்டில் கேமரா இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கம்பெனியின் கஸ்டமர் கேரிலேயே பிறகு உறுதியாகச் சொன்னார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. இப்போது வரும் பெரும்பாலான வைஃபை கேமராக்களின் அடியில் ஒரு கியூஆர் கோடும் சீரியல் நம்பரும் இருக்கும். எந்த அக்கவுண்டிலிருந்து அந்தக் கோடு முதலில் ஸ்கேன் செய்யப்படுகிறதோ, அந்த அக்கவுண்டின் பெயரில் கம்பெனி சர்வரில் கேமரா பதிவாகிவிடும். அதுதான் ஓனர் அக்கவுண்ட். மற்ற எல்லாரும் அந்த ஓனர் 'ஷேர்' செய்தால் பார்க்கிறவர்கள். எதைப் பார்க்கலாம், எவ்வளவு பார்க்கலாம் என்று முடிவு செய்வது ஓனர். வேண்டாம் என்றால் ஒரே தட்டில் நம்மைத் தூக்கிவிடலாம். பணம் கொடுத்து வாங்கி, நம் வீட்டுக் கரண்டில், நம் வீட்டு நெட்டில் ஓடும் கேமராவில் நாம் விருந்தாளி.

லைவ் மட்டும்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். கேமராவில் போட்டிருக்கும் மெமரி கார்டில் பதிவான பழைய காட்சிகளையும் ஓனர் அக்கவுண்டிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். மைக் இருந்தால் பேச்சு கேட்கும், ஸ்பீக்கர் இருந்தால் அங்கிருந்து பேசவும் முடியும். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனில் உரக்கப் பேசுவார். பென்ஷன் விஷயமாக வங்கியில் பேசும்போது கணக்கு எண்ணைச் சத்தமாகப் படித்துச் சொல்வார். பீரோ சாவியை எங்கே மாட்டுகிறார் என்பது கூடத்துக் கேமராவில் நேராகத் தெரியும். எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் எப்ப கோயிலுக்குப் போறேன், எப்பத் திரும்பி வர்றேன்னு அவங்களுக்குத் தெரியுமாடி?" தெரியும். அதுவும் நேரத்தோடு.

சரி, ரீசெட் பட்டனை அழுத்திவிட்டால் போயிற்று என்று பலர் சொன்னார்கள். போகாது. ரீசெட் செய்தால் கேமராவில் இருக்கும் வைஃபை விவரமும் பாஸ்வேர்டும்தான் அழியும். சர்வரில் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அது பல கம்பெனிகளில் அப்படியே இருக்கும். நீங்கள் புதிதாக ஸ்கேன் செய்தால் 'இந்தக் கேமரா வேறொரு அக்கவுண்டில் சேர்க்கப்பட்டுள்ளது' என்று வரும். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாலும் இதே கதைதான். கேமரா ஆஃப் ஆகும், திரும்ப நெட்டில் இணைத்த நிமிடமே கடைக்காரரின் பட்டியலிலும் உயிர் பெறும். பழைய ஓனர் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் தயாரித்த கம்பெனி தன் சர்வரில் நீக்கித் தர வேண்டும். வேறு வழி கிடையாது.

கம்பெனியிடம் கேட்டபோதுதான் கடை செய்த இன்னொரு காரியம் உறைத்தது. சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் அனுப்புங்கள் என்றார்கள். கடை கொடுத்திருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. அதில் சீரியல் நம்பரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. முறையான பில் கேட்டு எழுத்தில் அனுப்பினோம், பதில் இல்லை. கடைசியில் யுபிஐ பணம் போன ரசீது, கேமராவின் அடி ஸ்டிக்கர் படம், பெட்டியின் படம், மாமா பையன் எடுத்த அந்தத் திரைப் படம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பி, பலமுறை வற்புறுத்திய பிறகுதான் கம்பெனி நீக்கிக் கொடுத்தது. அதுவரை கேமராக்களைக் கரண்ட்டிலிருந்து பிடுங்கி வைத்திருந்தோம்.

சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்தோம். அங்கே தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு அந்தரங்கத்தை மீறுவதற்கானது, 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அது உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படம் பிடிப்பதையும் பரப்புவதையும் பற்றி மட்டுமே பேசுகிறது. கூடத்தில் பூ கட்டுகிற ஒரு பெண்ணை முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பது அதற்குள் வராது. அனுமதி இல்லாமல் பிறர் கருவிக்குள் நுழைவதற்கான 43, 66 பிரிவுகளைத்தான் நாங்கள் குறிப்பிட்டிருக்கிறோம். கடைக்காரர் 'நாங்கள்தான் அக்கவுண்ட் ஓனர், அனுமதி எதற்கு' என்று வாதம் செய்கிறார். இந்த ஒரு வாதத்துக்காகவே அந்தப் பதிவு அவர்கள் பெயரில் இருக்கவே கூடாது என்று சொல்கிறேன்.

நுகர்வோர் சட்டம் எங்களுக்கு இதைவிடத் தெளிவாக இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை எவை என்று வரும் பட்டியலில், பில் கொடுக்காமல் இருப்பதும் இருக்கிறது, வாடிக்கையாளர் நம்பிக்கையின் பேரில் தந்த தனிப்பட்ட தகவலை வேறொருவருக்கு வெளிப்படுத்துவதும் இருக்கிறது. புகார் கொடுக்கக் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம் வசிக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது, ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும். ஆகவே இப்போதைக்கு நுகர்வோர் ஆணையம்தான் என் நம்பிக்கை.

'ஒரு சின்னக் கடைக்காரர் செய்த தப்பு, இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா' என்று உறவில் சிலர் கேட்டார்கள். குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள், பரிசோதனைக்கு வந்த பெண்களின் காட்சிகள், டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. உள்ளே நுழைந்தவர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை, அங்கே இருந்த பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று காவல்துறை சொன்னது. முதலிலிருந்தே இருந்த அந்தப் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. 2016இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும், கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்ததும் இதே வழியில்தான். கம்பெனிகள் வைக்கும் சுமார் 60 பொதுவான பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனி வாங்கினால் பயமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அமேசானுக்குச் சொந்தமான, வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 மே மாதம் வழக்குப் போட்டது. அதன் ஊழியர் ஒருவர், குறைந்தது 81 பெண்களின் கேமராக்களிலிருந்து ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார், படுக்கையறை, குளியலறைக் கேமராக்கள் உட்பட. ரிங் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே நாளில், அலெக்சா என்ற தன் பேசும் ஸ்பீக்கர் சேவையில் குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததற்காக அமேசான் 2.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பேசுகிற ஸ்பீக்கரை அம்மாவுக்கு வாங்கித் தரலாம் என்று இருந்தேன், அந்த எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

நம் அரசும் சும்மா இல்லை. 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதி, கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தச் சோதனை கேமராவுக்கு. அதை மாட்ட வருகிறவரின் போனில் யார் வீட்டுப் பட்டியல் இருக்கிறது என்பதை எந்தச் சோதனைக்கூடமும் பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது கடினமே இல்லை. ஆப்பைத் திறந்து, கேமராவின் செட்டிங்ஸுக்குப் போங்கள். எங்காவது 'ஷேர்டு' என்றோ, 'இவரிடமிருந்து பகிரப்பட்டது' என்று வேறொரு போன் நம்பரோ மெயிலோ இருந்தால் ஓனர் நீங்கள் இல்லை. பாஸ்வேர்டு மாற்றுவது, மெமரி கார்டை ஃபார்மேட் செய்வது, கேமராவை நீக்குவது போன்றவை மங்கலாகவோ இல்லாமலோ இருந்தாலும் சந்தேகப்படுங்கள். நீங்களே ஓனர் என்றால் யார் யாருக்கு ஷேர் போயிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, தெரியாத நம்பரை நீக்குங்கள். கடைக்காரர் உங்கள் பெயரில் அவரே அக்கவுண்ட் திறந்து கொடுத்திருந்தால் அதன் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும், உடனே மாற்றுங்கள். டிவிஆர் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் அட்மின் பாஸ்வேர்டையும் தனியாக மாற்ற வேண்டும். ரவுட்டர் பாஸ்வேர்டும் அவர்களிடம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

புதிதாக மாட்டுகிறவர்கள், கியூஆர் கோடை உங்கள் போனில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று பணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஊரில் இல்லையென்றால், ஸ்கேன் செய்கிற வேலையை மட்டும் வீட்டு மனிதர் ஒருவர் போனில் உங்கள் அக்கவுண்டைத் திறந்து செய்யட்டும். ரிப்பேருக்கு அவர்கள் பார்க்க வேண்டியிருந்தால் அந்த நேரத்துக்கு நாமே ஷேர் கொடுத்துப் பிறகு எடுத்துவிடலாம். 'அதெல்லாம் எங்க முறை கிடையாது' என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். படுக்கையறையிலும் பெரியவர்கள் உடை மாற்றும் இடத்திலும் கேமராவே வேண்டாம். கூடத்துக் கேமராவை நாங்கள் கழற்றிவிட்டோம். வாசலும் கொல்லையும் போதும் என்று அம்மா சொல்லிவிட்டார், அது அவர் வீடு.

மாமா பையன் எடுத்த படத்தில் இன்னும் பல வீடுகளின் பெயர்கள் இருக்கின்றன. அடையாளம் தெரிந்தவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டோம். 'டாக்டர் வீடு', 'நகைக்கடை மாடி' போன்றவை யாருடையவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கேமராக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கும்பகோணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடைக்காரர் மூலம் கேமரா மாட்டியவர்கள் இன்று ராத்திரிக்குள் உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள். 'ஷேர்டு' என்று இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் மாதிரியும் நுகர்வோர் புகாரின் மாதிரியும் தருகிறேன்.