பசூன்காரர் பின்னால் போவதா, அல்காரிதம் பின்னால் போவதா?

ராக் ஆல்பம் ஒன்றின் பின்னட்டையில் பசூன் என்ற சொல்லைப் பார்த்துவிட்டால், யார் என்ன சொன்னாலும் அதை ஒருமுறை கேட்காமல் விடமாட்டேன். பசூன் என்பது சீவாளி வைத்து ஊதும் நீளமான மரக்குழல். சிம்ஃபனி இசைக்குழுவின் நடுவரிசையில் உட்கார்ந்து அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்கும். ராக் இசையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அதைக் கூட்டிவந்து எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்த இசைக்குத்தான் அவாண்ட்-ப்ராக், அதாவது ப்ராக்ரெஸிவ் ராக்கின் பரிசோதனைக் கிளை, என்று பெயர் வந்தது.

1978 மார்ச் 12 அன்று லண்டனில், நியூ லண்டன் தியேட்டரில், ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து குழுக்கள் ஒரே மேடையேறின: இங்கிலாந்தின் ஹென்றி கௌ, இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ், ஸ்வீடனின் ஸாம்லா மாமாஸ் மான்னா, பெல்ஜியத்தின் யூனிவர்ஸ் ஜீரோ, பிரான்ஸின் எத்ரோன் ஃபூ லெலூப்லான். 'ராக் இன் ஆப்போசிஷன்' என்று கூட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு, பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் மேல். அந்தக் கோபத்தால் இவர்களுடைய ஆல்பங்கள் பெரும்பாலும் சின்ன லேபிள்களில், குறைந்த பிரதிகளில் வந்தன. பிறகு கைமாறிக் கைமாறிக் காணாமல் போயின. இன்று இந்த இசைக்குள் வருகிறவருக்கு இரண்டு தலைவலி. எதைக் கேட்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தபின் எந்த வடிவத்தில் வாங்கி வைப்பது? இரண்டுக்கும் போட்டி வழிகள் உண்டு. நான் எல்லாவற்றிலும் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன்.

முதலில் தேடல்.

புதிதாக வருகிறவர் நேராகப் போய் நிற்பது மதிப்பெண் தளங்களில்தான். ரேட் யுவர் மியூசிக், ப்ராக் ஆர்கைவ்ஸ் இரண்டிலும் அவாண்ட்-ப்ராக் என்ற பிரிவைத் திறந்தால் ஆல்பங்கள் வரிசைகட்டி நிற்கும். முதல் பத்து ஆல்பத்துக்கு இது போதும், நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகு படுத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் கேட்ட ஆல்பத்தின் சராசரிக்கு ஒரு பொருள் இருக்கிறது. நாற்பது பேர் மட்டும் கேட்ட ஆல்பத்துக்கு மதிப்பெண் போட்டவர்கள் யார்? அதைத் தேடிப்பிடித்து, காசு கொடுத்து வாங்கிய பக்தர்கள். அவர்கள் குறைத்தா போடுவார்கள்? பட்டியலின் அடிப்பகுதிக்குப் போகப்போக எண்கள் எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கும், ஆல்பங்கள் மட்டும் ஏற்ற இறக்கமாக இருக்கும்.

ஸ்ட்ரீமிங் செயலியின் பரிந்துரை அதைவிடச் சுமார். ஹென்றி கௌ கேட்டால், அடுத்து எல்லோரும் கேட்கும் கிங் கிரிம்ஸனைக் கொண்டுவந்து நீட்டும். நல்ல குழுதான், ஆனால் அதைக் கேட்டு முடித்துத்தானே இந்தப் பக்கம் வந்தோம்? கூட்டம் எங்கே அதிகமோ அங்கே இழுப்பதுதான் அல்காரிதத்தின் சுபாவம். நமக்கு வேண்டியதோ கூட்டமே இல்லாத மூலை. பெயர்க் குழப்பம் வேறு. பெல்ஜியத்தில் 'ப்ரெசென்ட்' என்று அருமையான ஒரு குழு இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். பரிசு, நிகழ்காலம், கிறிஸ்துமஸ் பாட்டு என்று உலகத்தில் உள்ளது எல்லாம் வரும், குழு வராது. இத்தாலியின் 'ஏரியா'வுக்கும் இதே கதி.

பழைய பாணிப் பட்டியல் ஒன்றும் களத்தில் இருக்கிறது. 1979இல் நர்ஸ் வித் வூண்ட் என்ற ஆங்கிலேயக் குழு தன் முதல் ஆல்பத்தை 500 பிரதி அடித்தது. அதற்குள் தாங்கள் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்தார்கள். அடுத்த ஆல்பத்தில் அது இன்னும் நீண்டது. மொத்தம் 291 பெயர்கள். ஆல்பத்தின் பெயரோ, ஆண்டோ, எந்த நாடு என்பதோ, ஒரு வரி விளக்கமோ எதுவும் கிடையாது. வெறும் பெயர்கள். சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகளாக அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். சில பெயர்கள் இட்டுக்கட்டியவை என்று வதந்தியும் உலாவியது, அது தேடுகிற வெறியை இன்னும் ஏற்றிவிட்டது. இப்போது அந்தப் பட்டியலிலிருந்து நாடுவாரியாகத் தேர்ந்தெடுத்த தொகுப்புகளை ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிள் வெளியிடுகிறது. முதல் தொகுதி பிரான்ஸுக்கு.

மதிப்பெண் தளத்தோடு ஒப்பிட்டால் எனக்கு இந்தப் பட்டியல்தான் ஒசத்தி. மதிப்பெண் என்பது ஊர்க்கருத்து. இது மூன்று பேருடைய அலமாரி. ஒருவருடைய ருசி எப்படிப் போகிறது என்று பிடிபட்டுவிட்டால், அவர் தப்பாகச் சொல்வதிலிருந்துகூட நமக்கு வழி கிடைக்கும். சராசரிக்கு அப்படி ருசி எதுவும் கிடையாது. குறை என்னவென்றால் பட்டியல் 1980இல் நின்றுவிடுகிறது. ப்ராக் மட்டும் தேடுகிறவர் வழியில் நிறைய மின்னணு இரைச்சலையும் ஃப்ரீ ஜாஸையும் கடந்தாக வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை, சிலருக்குப் படும்.

சரி, இந்த மூன்றையும் தூக்கிச் சாப்பிடுவது நாலாவது வழி: ஆளைப் பின்தொடர்வது. ஆரம்பத்தில் சொன்ன பசூனுக்கே வருகிறேன். யூனிவர்ஸ் ஜீரோவின் 1979 ஆல்பம் 'ஹெரெஸி'. அதில் பசூன் மிஷெல் பெர்க்மான்ஸ். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நடந்தால், 1980இல் அக்ஸாக் மபூல் என்ற இன்னொரு பெல்ஜியக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யார் என்று பார்த்தால் ஃப்ரெட் ஃப்ரித், கிறிஸ் கட்லர், அதாவது ஹென்றி கௌவின் கிட்டாரும் டிரம்ஸும். அங்கிருந்து ஆர்ட் பேர்ஸுக்கு ஒரே எட்டு, ஏனென்றால் அந்த இருவரும் பாடகி டாக்மார் கிராவுஸேயும் சேர்ந்ததுதான் ஆர்ட் பேர்ஸ். பெர்க்மான்ஸ் எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்வீடனுக்குப் போய் ஃபான் ஸாம்லாவில் ஊதியிருக்கிறார், அதுவோ ஸாம்லா மாமாஸ் மான்னாவின் வாரிசு. 'ஹெரெஸி'யின் கிட்டார்காரர் ரோஜே த்ரிகோவைப் பிடித்தால் அவர் வெளியேறித் தொடங்கிய ப்ரெசென்ட் கிடைக்கும். தேடல் பெட்டி காட்டாத குழுவை ஒரு மனிதரின் பெயர் காட்டிவிடுகிறது. ஒரே ஒரு பின்னட்டை, மூன்று நாடு, ஏழு குழு. எந்த அல்காரிதமும் எனக்கு இதைச் செய்துதரவில்லை.

இதற்கு இன்று நல்ல கருவி டிஸ்காக்ஸ். 2000இல் மின்னணு இசைக்கான தரவுத்தளமாகத் தொடங்கியது, இப்போது எல்லா இசையும் இருக்கிறது. வாத்தியக்காரரின் பெயரைச் சொடுக்கினால் அவர் வாசித்த ஆல்பங்கள் வரிசையாக வரும். பலர் அதைச் சந்தையாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் சந்தை இரண்டாம் பட்சம், அந்தப் பெயர்ச் சுட்டிதான் புதையல். ஆளைப் போலவே லேபிளையும் பின்தொடரலாம். 1978இல் கட்லர் தொடங்கிய ரெக்கமண்டெட் ரெக்கார்ட்ஸ், 1984இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஸ்டீவ் ஃபைகன்பாம் தொடங்கிய கியூனிஃபார்ம், இந்த இரண்டின் விலைப்பட்டியலை வரிவரியாகப் படித்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும்.

இனி சேர்ப்பது. இங்கேதான் சண்டை.

மூல வினைல்தான் உண்மையான சேகரிப்பு என்று ஒரு கட்சி உண்டு. ஒருகாலத்தில் நானும் அதில் உறுப்பினன். மாற்றியது அதே 'ஹெரெஸி'தான். அதன் முதல் பக்கம் முழுக்க 'லா ஃபோ' என்ற ஒரே துண்டு, 25 நிமிடம். வினைலில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தைத் தாண்டினாலே தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஒலியளவு குறைந்தால் தட்டின் சரசரப்பு மேலே வந்து நிற்கும். 'லா ஃபோ' எப்படித் தொடங்குகிறது? ஹார்மோனியம் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்க, அதன்மேல் பொருளற்ற அசைகளை ஒருவர் கரகரக்கிறார். இருட்டு அறையில் யாரோ நடப்பதுபோல நிமிடக்கணக்காக அப்படியே போகிறது. நான் வாங்கிய பழைய பிரதியை விற்றவர் 'வெரி குட் பிளஸ்' என்று தரம் போட்டிருந்தார். ஊசியை வைத்தேன். ஹார்மோனியத்துக்கு முன்னால் அடுப்பில் கடுகு வெடித்தது. சுற்றுக்கு ஒரு தடவை, தவறாமல். மெட்டல் ஆல்பமாக இருந்தால் அந்தச் சத்தம் காதிலேயே விழுந்திருக்காது. தரம் போடுகிறவர்கள் பலர் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கிறார்கள், போட்டுக் கேட்பதில்லை. அமைதியான இசைக்கு அந்தத் தரம் உதவாது.

கியூனிஃபார்ம் வெளியிட்ட அதே ஆல்பத்தின் குறுந்தகட்டில் ஹார்மோனியம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குக் கட்சி மாறினேன். சேம்பர் இசை (சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசை) சாயலுள்ள அவாண்ட்-ப்ராக்குக்குக் குறுந்தகடுதான் சரியான வடிவம், இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஐம்பது நிமிடத்தை நடுவில் எழுந்துபோய்த் திருப்பிப்போடாமல் கேட்கலாம். சின்ன லேபிள்களின் கையேட்டில் யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம் ஒழுங்காக இருக்கும், நாலாவது வழிக்காரர்களுக்கு அதுதானே சாப்பாடு.

ஆனால் மறுவெளியீடு என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. ஹென்றி கௌவின் முதல் ஆல்பம் 1973இல் வந்தது. அதன் பெயரைச் சேர்த்துப் படித்தால் லெஜெண்ட், பிரித்துப் படித்தால் லெக் எண்ட், அட்டையில் ஒரு காலுறை. 1991இல் குறுந்தகடாக வந்தபோது குழுவின் டிம் ஹாட்ஜ்கின்சன் அதை முழுக்க மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து, ஒரு துண்டைக் கூடுதலாகச் சேர்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த பதிப்பில் 1973இன் மூலக் கலவை திரும்பி வந்தது. இரண்டிலும் அதே பெயர், அதே காலுறை. வாத்தியங்களின் நிறையும் இடமும் வேறு. ஒன்றில் பழகிய காதுக்கு மற்றது, வீட்டில் நாற்காலிகளை யாரோ நகர்த்திப்போட்டதுபோல இருக்கும். எனக்கு மூலக் கலவை. மறுகலவைதான் தெளிவு என்று சொல்கிறவர்களிடம் சண்டைக்குப் போகமாட்டேன். வாங்கும் முன் வெளியீட்டு ஆண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பழைய குறுந்தகட்டுக்கு இன்னொரு நோயும் உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் 1988க்கும் 1993க்கும் இடையே அச்சான தகடுகளில் ஒரு பகுதி, காலப்போக்கில் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெண்கல நிறமாக மாறுகிறது. கையேட்டுத் தாளில் இருந்த கந்தகத்தை மேற்பூச்சு தாங்காததால் உலோகப் படலம் அரித்துப்போனதுதான் காரணம். கீறல் இல்லாமலே தகடு படிக்காமல் போகும். அந்தக் காலத்துத் தகடு என்றால் விற்பவரிடம் அடிப்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். விளிம்பு தேநீர்க் கறைபோல இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூல வினைலை முழுக்க ஒதுக்கவும் மனம் வரவில்லை. 1971இல் வந்த ஃபௌஸ்ட் குழுவின் முதல் ஆல்பம் கண்ணாடிபோலத் தெளிந்த வினைல், உறையும் அப்படியே, அதன்மேல் மூடிய கை ஒன்றின் எக்ஸ்ரே. அதைக் குறுந்தகட்டுப் பெட்டிக்குள் அடைத்தால் பாதி போய்விடும். பொருளே கலையாக இருக்கும் இடத்தில் வினைல் வெல்கிறது. ஆனால் அபூர்வமும் அருமையும் ஒன்றல்ல. அதே குழுவின் 1973 ஆல்பம் 'ஃபௌஸ்ட் டேப்ஸ்', ஒரு சிங்கிளின் விலைக்கு, 49 பென்ஸுக்கு, விற்றது. வாங்கியவர்கள் ஏராளம், மூலப் பிரதி இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. அது எளிதில் கிடைப்பதால் இசை ஒன்றும் மட்டமாகிவிடவில்லை.

புது வினைல் மறுவெளியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டை அழகு, மேலே சொன்ன 25 நிமிடச் சிக்கல் அப்படியே. அடுத்தது.

டவுன்லோடும் ஸ்ட்ரீமிங்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருள் விற்பனையில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டு, பணப்பரிமாற்றக் கட்டணம் போக மிச்சத்தை அவர்களுக்குக் கொடுக்கிறது. ஒலியில் எதையும் இழக்காத ஃப்ளாக் கோப்பு நம் வன்தட்டில் இறங்கிவிடும். இன்று புதிதாக இந்த இசையைச் செய்கிற குழுக்களுக்கு இதுதான் நேர்வழி. கியூனிஃபார்மின் பழைய சரக்கும் அங்கே கிடைக்கிறது. ஸ்ட்ரீமிங்கின் கணக்கே வேறு. 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஒன்று, 25 நிமிட 'லா ஃபோ'வுக்கும் ஒன்று. அதற்குமேல், 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத தடத்துக்கு ராயல்டியே கிடையாது. இந்த வகையில் எத்தனை தடம் அதைத் தொடும்? நான் ஸ்ட்ரீமிங்கை வாங்கும் முன் பத்து நிமிடம் முகர்ந்து பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆக என் அலமாரியில் குறுந்தகடு முக்கால்வாசி, வன்தட்டில் ஃப்ளாக், சுவரோரம் கொஞ்சம் வினைல். அகரவரிசையில் அடுக்க முடியவில்லை. ஸாம்லா மாமாஸ் மான்னா ஆங்கில எழுத்தில் எஸ். அதே ஆட்கள் பிறகு எஸ்ஸை இசட் ஆக்கிப் புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பிறகு ஃபான் ஸாம்லா, அது வி. மூன்றிலும் கீபோர்டும் அக்கார்டியனும் லார்ஸ் ஹோல்மர்தான். எனவே அவர் பெயரில் ஒரு தட்டு ஒதுக்கி மூன்றையும் சேர்த்து வைத்துவிட்டேன். அப்புறம் ஃப்ரித்துக்கு ஒன்று, யூனிவர்ஸ் ஜீரோவின் டிரம்ஸ்காரர் தெனிக்கு ஒன்று என்று ஆட்கள் கணக்கில் அடுக்கிக்கொண்டே வந்தேன். பெர்க்மான்ஸை மட்டும் எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. மூன்று தட்டிலும் அவர் இருக்கிறார்.